மருந்தை அறிந்து உண்போம்

(கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் செவ்வனே எடுத்துரைத்தார்கள். நான் அக்கல்வியின் ஒரு பயனை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். வீட்டில் நோயுற்றவருக்கு, வாய்வழியாக உண்ணும் மருந்தைச் சரியான அளவில், சரியான வேளையில் கொடுப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மாத்திரை விழுங்குவதற்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். விழுங்குதல் எளிது, எதை, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்பதை அறிந்து விழுங்குதலே அரிது.

நான்காம் உறுப்பு

திருக்குறளில் மருந்து என்பது தனி அதிகாரம். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதை ஊட்டுபவர் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று வள்ளுவர் அங்கே வகுத்துச் சொல்கிறார். முதல் மூன்றையும் நாம் அறிவோம். நான்காம் உறுப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மருத்துவமனையில் மருத்துவர் நோயாளியோடு இருப்பது சில நிமிடம். மீதி நாளெல்லாம் மருந்து இருப்பது நம் வீட்டு மாடத்தில். அங்கே தாயோ, மகனோ, மருமகளோ அதை எடுத்துக் கொடுக்கின்றார்கள். அவர்களுக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியாவிடில், மருத்துவர் எழுதியது ஒன்றாகவும் வயிற்றுக்குள் போவது ஒன்றாகவும் ஆகிவிடும். அந்த நான்காம் உறுப்பாக நம் இளைஞர்கள் விளங்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

கேளாமையின் வேர்

மருந்துச் சன்னலில் மாத்திரையைப் பெற்றுக்கொண்டு ஒரு சொல்லும் கேளாமல் திரும்பி வருவோர் நம் தெருக்களில் பலர். இதனை அறியாமை என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுதல் தகாது. இதற்கொரு வரலாறு உண்டு.

அண்ணல் அம்பேத்கர் எழுதி, தமிழில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று வழங்கும் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. அது 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளியான கடிதத்திலிருந்து எடுக்கப்பெற்றது. கத்தியவார் பகுதியில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் நோயுற்றாள். மருத்துவர் அச்சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்கள் பரிந்து பேசி, இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்குப் பிணையும் சொன்ன பின்னர், சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக இசைந்தார். பெற்ற உடம்போடு அப்பெண் வெளியே கொண்டுவரப்பட்டாள். மருத்துவர் வெப்பமானியை ஓர் இஸ்லாமியரிடம் கொடுத்தார்; அவர் கணவரிடம் கொடுத்தார்; கணவர் மனைவிக்கு வைத்தார். அவ்வழியே அது திரும்பிச் சென்றது. நோயாளியைத் தொடாமலே, விளக்கொளியில் வெப்பமானியைப் பார்த்து, நிமோனியா என்றார் அம்மருத்துவர். பின்னர் மருந்து அனுப்பினார். மீண்டும் வந்து பார்க்க மறுத்துவிட்டார். அப்பெண் இறந்துபோனாள்.

மருந்து வந்தது; ஆனால் நோயாளியை அருகிருந்து பார்ப்பாரும், மருந்தை விளக்கிச் சொல்வாரும் வரவில்லை. இவ்வாறு எட்டி நிறுத்தப்பட்ட மக்களிடம், கேள்வி கேட்டால் சினம் வருமோ, துரத்திவிடுவரோ என்னும் அச்சம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. இன்று சட்டம் நம் பக்கம் உள்ளது. ஆயினும் நாவில் தங்கிய அச்சம் தானே போய்விடாது. பழகித்தான் அதைப் போக்க வேண்டும். மருந்தைப் பற்றிக் கேட்பது அகந்தையாகாது. சொல்லித் தருவது மருந்தாளுநரின் கடமை. கேட்டுப் பெறுவது நம் உரிமை.

கேட்க வேண்டியவை ஐந்து:

1. இம்மருந்தின் பெயர் என்ன? எந்த நோய்க்கு?
2. ஒரு வேளைக்கு எவ்வளவு?
3. நாளுக்கு எத்தனை வேளை? உணவுக்கு முன்னா, பின்னா?
4. எத்தனை நாள் உண்ண வேண்டும்?
5. ஒரு வேளை தவறினால், அல்லது உடம்புக்கு ஒவ்வாவிடில், என்ன செய்வது?

அதோடு நாமாகவே சொல்ல வேண்டியவையும் உள. முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் சொல்ல வேண்டும். கருவுற்றிருப்பதையும் பாலூட்டுவதையும் சொல்ல வேண்டும். வேறு மருந்துகள், நாட்டு மருந்துகள் உட்பட, உண்டு வந்தால் அதையும் மறைத்தல் கூடாது.

அளவு என்பது யாது?

விழுங்கிய மாத்திரை இரைப்பையிலும் குடலிலும் கரைந்து இரத்தத்தில் கலக்கின்றது. கல்லீரல் அதனைச் சிதைக்கின்றது, சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. இரத்தத்தில் மருந்து ஒரு மட்டத்திற்குக் கீழே இருந்தால் நோய் தீராது. ஒரு மட்டத்திற்கு மேலே போனால் நஞ்சாகும். அவ்விரண்டுக்கும் நடுவில் மருந்தை நிறுத்தி வைப்பதற்காகவே வேளைக் கணக்கு வகுக்கப்பட்டுள்ளது. காலை வேளையை மறந்துவிட்டு மாலையில் இரண்டாகப் போட்டுக்கொள்வோர் இதனை உணர வேண்டும். காலையில் தாழ்ந்த மட்டமும், மாலையில் மீறிய மட்டமும் ஆக இரு தீங்கும் நேர்கின்றன. ஒரு வேளை தவறினால், நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிட வேண்டும். பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தும் பொது விதி இது.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருப்பார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது அதன் பொருள். எழுத்தறியாத பெரியவருக்குக் காலை மாத்திரை உறையின்மேல் சூரியனையும், இரவு மாத்திரை உறையின்மேல் பிறைநிலவையும் வரைந்து கொடுக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் இது முடியும்.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலுக்கும் வலிக்கும் எல்லா வீட்டிலும் இருக்கும் மருந்து அது. நல்ல உடல்நிலையுள்ள பெரியவர் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி இடைவெளி விட்டு உண்ணலாம். ஒரு நாளில் 4000 மில்லிகிராமைத் தாண்டுதல் கூடாது. மெலிந்தவர்க்கும், மது அருந்துவோர்க்கும், கல்லீரல் நோயுள்ளோர்க்கும் இதனினும் குறைவு. குரோசின், கால்பால், டோலோ என்று பெயர்கள் வேறாயினும் உள்ளிருப்பது பாராசிட்டமாலே. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கின்றது. மூன்று பெயர்களில் மூன்றையும் உண்டவர், ஒரே மருந்தை மும்மடங்கு உண்டவராவார். ஆதலால் பெரிய எழுத்துப் பெயரோடு நின்றுவிடாமல், அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் இயற்பெயரையும் மில்லிகிராம் அளவையும் படிக்க வேண்டும்.

இம்மருந்து மிகுந்தால் முதல் நாளில் உண்டவர்க்கு ஒன்றும் தெரியாமலே இருக்கக்கூடும். கல்லீரலின் கேடு பின்னரே வெளிப்படும். 8 மணி நேரத்திற்குள் மாற்று மருந்து கொடுக்கப்பட்டால் மிக நல்ல பயன் உண்டு. ஆகவே 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திராமல், வெறும் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உப்புநீரோ சோப்புநீரோ கொடுத்து வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது.

குழந்தைகளின் மருந்து

பெரியவர் மாத்திரையில் பாதியைக் குழந்தைக்குக் கொடுப்பது நம்மிடையே வழக்கம். குழந்தை பாதி மனிதன் என்று எண்ணிச் செய்யும் பிழை இது. குழந்தையின் அளவு அதன் எடையைப் பொறுத்தது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 125 மில்லிகிராம் என்று கொள்வோம்.

இனி ஒரு கணக்கு. கடையில் இம்மருந்து குழந்தைகளுக்கு மூன்று வகையாகக் கிடைக்கின்றது. ஒரு சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உண்டு. இன்னொரு சிரப்பில் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். நம் குழந்தைக்கு முதல் வகையில் 5 மில்லி வேண்டும். இரண்டாம் வகையில் 2.5 மில்லி போதும்; சொட்டு மருந்தில் 1.25 மில்லியே போதும். 'போன முறை ஒரு கரண்டி கொடுத்தோம்' என்ற நினைவில் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால், 500 மில்லிகிராம், அதாவது பெரியவர் உண்ணும் ஒரு முழு மாத்திரை, அக்குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். நான்கு மடங்கு! வகுப்பறையில் நாம் கற்ற விகிதக் கணக்கு ஓர் உயிரைக் காப்பது இங்கேதான்.

சமையற்கட்டுக் கரண்டி அளவுகோல் ஆகாது. ஒரு வீட்டுக் கரண்டியில் 3 மில்லி பிடிக்கும். அடுத்த வீட்டுக் கரண்டியில் 7 மில்லி பிடிக்கும். மருந்தோடு வரும் மூடியையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோ கொண்டே அளக்க வேண்டும். குலுக்கவும் என்று எழுதியிருந்தால் குலுக்க வேண்டும். இல்லையேல் தொடக்கத்தில் தெளிவும் அடியில் செறிவுமாகப் போகும். தூளாக வரும் மருந்தில், கொதிக்க வைத்து ஆற்றிய நீரைக் குறியிட்ட கோடுவரை ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்த மருந்தை அட்டையில் குறித்த நாளுக்குமேல் வைத்திருத்தல் கூடாது. அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும்.

இருமல் மருந்தைப் பற்றி ஒரு சொல். 2025 இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், நம் மாநிலத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தை உண்ட குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது பெற்றோரின் குற்றமன்று. ஆயினும் சிறு குழந்தைகளின் சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் மருந்தின்றித் தானே தணியும் என்பதை அறிந்தால், தேவையற்ற புட்டியை நாம் வாங்கோம்.

பள்ளியில் கொடுக்கும் மாத்திரைகளையும் இங்குக் குறிப்பிட விரும்புகின்றேன். வளரிளம் பருவத்து மாணவ மாணவியர்க்கு வாரம் ஒரு முறை நீலநிற இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகின்றது. வெறும் வயிற்றில் உண்டால் குமட்டல் வரலாம். உணவுக்குப் பின் உண்ண வேண்டும். உடனே தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேராது. மலம் கருத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. குடற்புழு நீக்க ஆல்பெண்டசோல் மாத்திரையை மென்று உண்ண வேண்டும்.

உழைப்பாளரும் 'செட்' மாத்திரையும்

நாள் முழுதும் குனிந்து நடவு நட்டவர்க்கும், கல் சுமந்தவர்க்கும் இரவில் உடல் வலிக்கும். மருந்துக் கடைக்குச் சென்று 'ஒரு செட் மாத்திரை கொடுங்கள்' என்பர். நான்கைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டி, ஒரு தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அவற்றில் பெயரும் இராது. காலாவதி நாளும் இராது. அத்தகைய பொட்டலத்தில் டைக்குளோஃபினாக் போன்ற வலிமாத்திரையும், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்கக்கூடும். வலி உடனே குறையும். மறுநாள் வேலைக்குப் போகலாம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையில் வாங்குவோரை நான் குறை கூறேன். ஆயினும் விளைவைச் சொல்லியாக வேண்டும். வலிமாத்திரையை நாள்தோறும் உண்டால் இரைப்பை புண்ணாகி இரத்தம் கசியும். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் கெடும். ஸ்டீராய்டை நெடுநாள் உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு நலியும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. பெயரில்லாத மாத்திரையை உண்ணோம் என்று இன்றே நாம் உறுதி கொள்வோம்.

அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அம்மருந்தை உண்ணல் ஆகாது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளில் இக்கோட்டைக் காணலாம். அவற்றைச் சொன்ன நாள்வரை உண்ண வேண்டும். மீதி வைத்துப் பக்கத்து வீட்டாருக்கு ஈவது உதவியாகாது.

நாள்தோறும் உண்ணும் மருந்துகள்

இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இன்று நம் தெருவிலும் குடிபுகுந்துவிட்டன. 2021 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக இந்நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இலவச மாத்திரை வேலை செய்யாது என்று கருதி, இரண்டாக உண்பாரும் உண்ணாமல் எறிவாரும் உளர். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை, 1994 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, தர ஆய்வு செய்து வழங்கி வருகின்றது. விலை இல்லாமையால் வீரியம் குறைவதில்லை.

தலைசுற்றல் இல்லையே என்று கொதிப்பு மாத்திரையை நிறுத்துவோர் பலர். மாத்திரை உண்பதனால்தான் கொதிப்பு அடங்கியிருக்கிறது. நிறுத்தினால் மீண்டும் ஏறும். பக்கவாதமாக வந்து நிற்கும். நீரிழிவுக்கான கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளில் மற்றோர் எச்சரிக்கை வேண்டும். அவற்றை உண்டுவிட்டுக் காலையுணவு கொள்ளாமல் வேலைக்குப் போனால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியன அதன் அடையாளம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஐ அழைக்க வேண்டும். களத்துமேட்டில் மயங்கி விழுந்தவரைக் குடித்துவிட்டான் என்று ஒதுக்கிச் செல்லாதீர்கள்.

எஸ்.ஆர். என்று குறித்த மாத்திரை மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது. அதனைப் பொடித்து உண்டால் நாள் முழுதும் கரைய வேண்டிய மருந்து ஒருங்கே இறங்கிவிடும்.

காசநோய் தந்த பாடம்

நிற்க. ஒழுங்காக மருந்துண்ணும் வல்லமை ஏழைக்கு இல்லை என்று சொல்வார் உண்டு. அதற்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956 இல் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு நிலையம் அங்கே தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளரைத் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுப்பதே முறையாக இருந்தது. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும், மறு பிரிவினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். சொல்லாமல் வீட்டுக்குச் சென்றும் சிறுநீரைச் சோதித்தும் மருந்து உண்ணப்படுகிறதா என்று பார்த்தார்கள். முடிவு 1959 இல் வெளியாயிற்று. வீட்டிலிருந்து மருந்துண்டவரும் மருத்துவமனையில் இருந்தவரைப் போலவே குணமடைந்தனர். உணவும் இடமும் குறைவாயிருந்தும், மருந்து ஒழுங்காகச் சென்றமையால் நோய் தீர்ந்தது. உலக நாடுகளின் காசநோய்ச் சிகிச்சையே இதனால் மாறிற்று. அம்மாற்றத்தை நிகழ்த்தியவர்களில் பெயர் அறியப்படாத அந்த ஏழை நோயாளிகளும் அடங்குவர்.

இன்று சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின் 4 மாதம் மூன்று மருந்துகள். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடல் தேறும். அப்போது மருந்தை நிறுத்துவோர்க்கு நோய் மீண்டு வரும். அம்மருந்துகளுக்கு அடங்காத வடிவத்தில் வரவும் கூடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமே. கண் மஞ்சளானாலும், வாந்தி நில்லாவிடினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இளைஞர்கள் செய்யத்தக்கது

மாணவச் செல்வங்களே! நம் கழகத்தின் மாலைப் பள்ளி நாள்தோறும் நடைபெறுகின்றது. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரத்தை மருந்து வாசிக்கும் நேரமாக ஒதுக்க வேண்டுகின்றேன். தெருவிலுள்ள முதியோர் தம் மருந்துப் பையோடு வரட்டும். நீங்கள் மருந்தின் பெயர், மில்லிகிராம், காலாவதி ஆகியவற்றைப் படித்துச் சொல்லுங்கள். சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலாவதியானதைப் பிரித்து வையுங்கள். சூரியனும் பிறையும் வரைந்து கொடுங்கள். ஐயம் எழுந்தால் நீங்களே அளவை மாற்றிவிடாதீர்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு உடன் சென்று கேளுங்கள், அல்லது 104 என்னும் எண்ணில் கேளுங்கள்.

வீடுகளில் மருந்தை அடுப்பங்கரையின் வெப்பத்திலும், சன்னலின் வெயிலிலும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மிட்டாய் என்று ஏமாற்றி மாத்திரை கொடுக்க வேண்டாம். மருந்துப் புட்டியில் பூச்சிக்கொல்லியை ஊற்றி வைக்கும் வழக்கத்தை அறவே ஒழியுங்கள்.

நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. இக்கழகம் 25 ஆண்டுகள் பாடுபட்டு நமக்கு எழுத்தைத் தந்தது. அவ்வெழுத்தைக் கொண்டு பட்டம் பெறுங்கள், பதவி பெறுங்கள், மகிழ்ச்சி. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் பாட்டியின் மாத்திரை அட்டையை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். 'இது எதற்குப் பாட்டி? எத்தனை வேளை சொன்னார்கள்?' என்று கேளுங்கள். அவர்களுக்கு விடை தெரியாவிடில், நாளைக் காலையில் அவர்களோடு நீங்களும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சன்னலருகே நிமிர்ந்து நின்று, பணிவோடும் தெளிவோடும் கேளுங்கள்.